டகராசுகாவின் ஆண்கள்

டகராசுகா நாடகக் குழு பிறந்ததற்குக் காரணம், ஓடாமல் போன ஒரு நீச்சல் குளம். ஒசாகாவிலிருந்து மலையடிவாரத்துக்கு ரயில் பாதை போட்ட கோபயாஷி இச்சிஸோ என்ற தொழிலதிபருக்கு, பாதையின் கடைக்கோடி வரை ஜனங்கள் பயணம் செய்ய ஒரு காரணம் தேவைப்பட்டது. அங்கே இருந்த டகராசுகா, வெந்நீர் ஊற்று உள்ள சிற்றூர். அங்கே ‘பாரடைஸ்’ என்று பெயர் வைத்துக் கூரை போட்ட நீச்சல் குளம் ஒன்றைக் கட்டினார். தண்ணீர் எலும்பு வரை குளிர்ந்தது. போதாக்குறைக்கு, ஆணும் பெண்ணும் சேர்ந்து நீந்தக் கூடாது என்ற தடை வேறு. வியாபாரம் படுத்துவிட்டது. மனிதர் அசரவில்லை. குளத்தின் மேல் பலகை அடித்துப் பார்வையாளர்களை உட்கார வைத்தார். உடை மாற்றும் அறையை மேடையாக்கினார். 1913-இல் பதின்பருவச் சிறுமிகளைச் சேர்த்து ஒரு பாட்டுக் குழு அமைத்தார். 1914 ஏப்ரல் 1 அன்று முதல் நிகழ்ச்சி. பீச் பழத்திலிருந்து பிறந்த வீரன் மொமொதாரோவின் கதை. வீரனும் ஒரு சிறுமிதான்.

ஆணும் பெண்ணும் ஒரே தண்ணீரில் இறங்கக் கூடாது என்ற விதியால் காலியான குளத்தின் மேல், பெண்களே ஆணாகவும் பெண்ணாகவும் நிற்கும் மேடை. வரலாறு குசும்புக்காரி.

என்னை அந்த ஊருக்கு இழுத்துக்கொண்டு போனது பெண்ணியத் தத்துவவாதி ஜூடித் பட்லர். தொண்ணூறுகளில் ‘நிறப்பிரிகை’ போன்ற சிற்றிதழ்களின் வழியாகப் பின்நவீனத்துவம் படித்த தலைமுறைக்கு ஃபூக்கோவும் தெரிதாவும் பழகிய பெயர்கள். பட்லர் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தார். 1990-இல் வெளிவந்த ‘ஜென்டர் ட்ரபிள்’ நூலில் அவர் சொன்னதைச் சுருக்கினால் இப்படி வரும்: ஆண்மை, பெண்மை என்பவை உள்ளே ஊறிக்கிடந்து வெளியே வழிபவை அல்ல. நடக்கும் விதம், உட்காரும் விதம், குரலின் அளவு, பார்வையின் கூர்மை என்று பிறந்த நாளிலிருந்து திரும்பத் திரும்பச் செய்து படிந்துபோனவை. பெண் வேடம் கட்டும் ஆண் ஏதோ ஓர் அசலைப் பார்த்து நகலெடுப்பதாக நாம் நினைக்கிறோம். அந்த அசலும் முந்தைய நகல்களின் நகல்தான். தத்துவத்தைக் கண்ணால் பார்க்க முடியுமா என்றால், இந்த ஒன்றை மட்டும் முடியும். டகராசுகாவில் அதற்கு டிக்கெட் விற்கிறார்கள்.

உமேதா நிலையத்தில் ஹான்கியூ ரயில் ஏறினேன். அரக்கு நிறத்தில் மினுமினுக்கும் பெட்டிகள், உள்ளே பச்சை வெல்வெட் இருக்கைகள். அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். இறங்கியதும் ‘பூப்பாதை’ என்று அழைக்கப்படும் நடைபாதை. இருபுறமும் செர்ரி மரங்கள். நான் போன குளிர்காலத் தொடக்கத்தில் அவற்றில் பூவும் இல்லை, இலையும் அதிகம் இல்லை. நடுவழியில் ஒரு சிலை: ஒஸ்காரும் அந்த்ரேயும். இக்கேதா ரியோகோ 1972-இல் வரையத் தொடங்கிய ‘வெர்சாயின் ரோஜா’ என்ற மங்காவின் பாத்திரங்கள் இவர்கள். ஆண் பிள்ளை இல்லாத பிரெஞ்சுத் தளபதி ஒருவர் தன் மகளை மகனாக வளர்க்கிறார்; அவள் மரி அந்துவானெத்தின் காவற்படைக்குத் தலைமை ஏற்கிறாள். 1974-இல் டகராசுகா இதை மேடையேற்றியபோது ஜப்பானே பைத்தியம் பிடித்துத் திரிந்ததாம். ஆணாக வளர்க்கப்பட்ட பெண்ணை, ஆணாக நடிக்கப் பழகிய பெண் நடிக்கிறாள். பட்லர்கூட இவ்வளவு அடுக்குகளை யோசித்திருப்பாரா என்று தெரியவில்லை.

அரங்கில் சுமார் 2,500 இருக்கைகள். கண்ணுக்கு எட்டிய வரை பெண்கள். பள்ளிச் சீருடையில் வந்தவர்கள், குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள், கிமோனோ உடுத்திய பாட்டிகள். என் பக்கத்து இருக்கையில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மையார், மடியில் தொலைநோக்கி. அவருடைய கொஞ்சம் ஆங்கிலம், என் கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலி, மீதிக்குக் கைகள் என்று பேசிக்கொண்டோம்.

“எத்தனை காலமாகப் பார்க்கிறீர்கள்?”

“அம்மா என்னைக் கூட்டிவந்தார். நான் என் மகளைக் கூட்டிவந்தேன். ஒருமுறை கணவரையும் கூட்டிவந்தேன். தூங்கிவிட்டார்.”

விளக்கு அணைந்தது. நாயகன் வந்தான். தமிழில் ‘வந்தாள்’ என்று எழுதுவதா ‘வந்தான்’ என்று எழுதுவதா என்ற சங்கடம் முதல் ஐந்து நிமிடம்தான். அகன்ற தோள், இடுப்பில் ஊன்றிய ஒரு கை, தொப்பியின் விளிம்பைத் தொடும் இரண்டு விரல்கள், அடிவயிற்றிலிருந்து எழும் கனத்த குரல். ஆண் வேடக்காரிகளுக்கு ஒடொகொயாகு என்று பெயர். ஓர் ஒடொகொயாகு முழுமையாக உருவாகப் பத்தாண்டு பிடிக்கும் என்பது இந்த ஊரில் பழமொழி மாதிரி. அந்தப் பத்தாண்டு ஒவ்வொரு அசைவிலும் தெரிந்தது. நாற்காலியில் உட்காரும் முன் கோட்டின் நுனியைத் தட்டி விலக்குவதற்குக்கூட ஒரு தாளம் இருந்தது.

ராஜபார்ட், ஸ்திரீபார்ட் என்ற சொற்களோடு வளர்ந்த நமக்கு வேடம் மாறுவது புதிதில்லை. 1935-இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே திரையில் நின்றவர். ஆனாலும் இங்கே ஒன்று வேறாக இருந்தது. மேடையில் நான் பார்த்த ஆணை ஜப்பானில் வேறெங்கும் பார்க்கவில்லை. காலை ரயிலில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றபடியே தூங்குகிற ஆண்களைப் பார்த்திருந்தேன். கறுப்புக் கோட்டு, குனிந்த கழுத்து, முதலாளியிடம் கைப்பேசியில் பேசும்போதும் வெறும் காற்றுக்குக் குனிந்து வணங்குகிறவர்கள். டகராசுகாவின் ஆண் அவர்களில் யாருடைய நகலும் இல்லை. ஓர் ஒடொகொயாகு மூத்த ஒடொகொயாகுவைப் பார்த்துக் கற்கிறாள். அவள் தனக்கு முந்தையவளைப் பார்த்து. நூறாண்டுக்கு மேலாகப் பெண்கள் பெண்களிடமிருந்து கற்று வளர்த்தெடுத்த ஆண் இவன். பட்லர் எழுதியது இதைத்தான் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. இடைவேளையில் பக்கத்து அம்மையார் அதையே தன் பாணியில் சொன்னார்: “வெளியே இருக்கிற ஆண்களுக்கு ஆணாக இருப்பது எப்படி என்று சொல்லித்தர ஆள் இல்லை. இவர்கள் பத்து வருடம் படிக்கிறார்கள்.”

இரண்டாம் பாதியில்தான் என் கண் நாயகனை விட்டு நாயகியின் மேல் போனது. பெண் வேடக்காரிகளுக்கு முசுமேயாகு என்று பெயர். பெண்ணே பெண்ணாக நடிப்பதில் என்ன இருக்கிறது என்று அதுவரை அலட்சியமாக இருந்தேன். உற்றுப் பார்த்தால் அவள் எப்போதும் அரை அடி பின்னால் நிற்கிறாள். நாயகன் உயரமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பாவாடைக்குள் முழங்காலை மடக்கியே நடனமாடுகிறாள். குரல் மெலிந்து மேலே ஏறுகிறது, கழுத்து ஒரு பக்கம் சாய்கிறது, கை அவன் மார்பில் பாதி அழுத்தத்தில் நிற்கிறது. அதுவும் ஆண்டுக்கணக்கில் எடுத்த பயிற்சி. ஆணாக நடிப்பது வேடம் என்று எல்லாருக்கும் தெரியும், கைதட்டுகிறோம். பெண்ணாக நடிப்பதை மட்டும் இயல்பு என்று எடுத்துக்கொள்கிறோம். டகராசுகாவில் கோட்பாட்டை மெய்யாக விளக்குகிறவள், அதிகம் கைதட்டல் பெறாத இந்த நாயகிதான்.

கடைசியில் இருபத்தாறு படிகள் கொண்ட பெரிய படிக்கட்டு ஒளிர்ந்தது. எல்லாரும் வரிசைப்படி இறங்கினார்கள். நட்சத்திர ஒடொகொயாகு கடைசியாக, முதுகில் ஆளை விடப் பெரிய இறகுத் தோகையோடு. நாயகி அவளுக்கு முன்னாலேயே இறங்கி, ஓரமாக நின்று தலைகுனிந்து காத்திருந்தாள். இந்த வரிசை மாறுவதே இல்லையாம்.

டகராசுகாவின் ஆண் வேடத்துக்கு முன்னோடியைத் தேடிக் கியோட்டோவுக்கும் போனேன், ஒகுனியைப் பார்க்க. காமோ ஆற்றின் மேல் ஷிஜோ பாலத்தின் அருகே அவருக்குச் சிலை இருக்கிறது. வாளும் விசிறியுமாக நிற்கிறார். 1603 வாக்கில் ஆண் உடையில் ஆடிக் கபூகி நாடகத்தைத் தொடங்கிவைத்தவர் என்று சொல்லப்படும் பெண். 1629-இல் பெண்கள் மேடையேறக் கூடாது என்று ஷோகுன் அரசு தடை போட்டது. இளைஞர்கள் பெண் வேடம் கட்டினார்கள். 1652-இல் அவர்களுக்கும் தடை. பிறகு வளர்ந்த ஆண்களே பெண்ணாக நடித்து ‘ஒன்னகாதா’ என்ற கலையை வளர்த்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகழ்பெற்ற யோஷிசாவா அயாமே, நல்ல ஒன்னகாதா மேடைக்கு வெளியிலும் பெண்ணாகவே வாழ வேண்டும் என்று வலியுறுத்தியவர். பட்லருக்கு முன்னூறு ஆண்டு முந்தைய பட்லர் என்றுகூடச் சொல்லலாம்.

பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் ஜப்பானுக்கு வந்துபோய் 1970-இல் எழுதிய ‘குறிகளின் பேரரசு’ நூலில் ஒன்னகாதாவைப் பார்த்து மயங்குகிறார். இந்த நடிகர் பெண்ணைப் போலி செய்யவில்லை, பெண் என்ற குறியைக் காட்டுகிறார் என்பது அவர் வாதம். அழகான வாதம். ஆனால் அந்தக் குறி அவ்வளவு தூய்மையாக இருப்பதற்குக் காரணம், நிஜப் பெண்ணை அரசாணை போட்டு மேடையிலிருந்து இறக்கிவிட்டதுதான். பார்த் அந்த இடத்தில் நிற்கவே இல்லை. பின்நவீனத்துவத்தின் மேல் எனக்கு உள்ள பழைய மனத்தாங்கல் இது: குறி எப்படி ஆடுகிறது என்று சொல்லும், அரங்கின் சாவி யாரிடம் என்று கேட்க மறந்துவிடும்.

டகராசுகாவின் சாவி இன்றும் ஹான்கியூ குழுமத்திடம்தான் இருக்கிறது. கோபயாஷியின் கனவு நாம் நினைக்கும் கலகம் இல்லை. ஆணாக நடித்துப் பழகிய பெண் ஆண்களைப் புரிந்துகொண்டு நல்ல மனைவியாவாள் என்று நம்பியவர் அவர். குழுவின் இசைப் பள்ளியில் ஆண்டுக்கு நாற்பது பேர் அளவில் சேர்க்கிறார்கள், இரண்டாண்டுப் படிப்பு. தூய்மை, நேர்மை, அழகு என்பது குறிக்கோள். எத்தனை வருடம் நடித்தாலும் அவர்கள் ‘மாணவிகள்’தான். கல்யாணம் ஆனால் வெளியேற வேண்டும். 2023 செப்டம்பரில் இளம் நடிகை ஒருவர் இறந்தார். அளவு மீறிய வேலைப் பளுவும் மூத்தவர்களின் தொல்லையும் காரணம் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். 2024 மார்ச்சில் தொல்லை நடந்ததை ஒப்புக்கொண்டு நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. ஆணே இல்லாத மேடையிலும் ஆணாதிக்கத்தின் ஏணி அப்படியே நிற்க முடியும். அதற்கு ஆண் உடம்பு அவசியமில்லை என்பதையும் பட்லரின் கோட்பாடு விளக்கத்தான் செய்கிறது. விளக்கிவிட்டால் ஏணி இறங்கிவிடுமா என்பது வேறு.

இதே டகராசுகாவில் 2018 ஏப்ரலில் இன்னொரு நிகழ்ச்சி நடந்தது. ஊர் ஊராகச் செல்லும் சுமோ குழு வந்தபோது, நகர மேயர் வரவேற்புரை ஆற்ற வேண்டும். மற்ற ஊர்களில் ஆண் மேயர்கள் தோஹ்யோ எனப்படும் மல்யுத்த வட்டத்தின் மேல் நின்று பேசுவார்கள். டகராசுகாவின் அப்போதைய மேயர் நகாகாவா தொமோகோ ஒரு பெண். மேலே நின்று பேச அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. வட்டத்துக்குப் பக்கத்தில் நின்று பேசினார், பெண் என்பதால் ஏற முடியாதது வேதனை என்று அங்கேயே சொல்லவும் செய்தார். அதற்கு இரண்டு நாள் முன்பு, மைசுரு நகரில் வட்டத்தின் மேல் பேசிக்கொண்டிருந்த மேயர் மயங்கி விழ, மருத்துவம் தெரிந்த பெண்கள் ஓடிப்போய் முதலுதவி செய்தார்கள். உயிருக்குப் போராடும் மனிதரைச் சுற்றி நின்ற அவர்களை, பெண்கள் வட்டத்தை விட்டு இறங்குங்கள் என்று ஒலிபெருக்கி திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டது. சுமோ சங்கம் பிறகு மன்னிப்புக் கேட்டது. விதி மாறவில்லை.

ஒரே ஊர். தோகை கட்டி ஆணாகப் படி இறங்கும் பெண்ணுக்கு 2,500 பேர் எழுந்து கைதட்டுவார்கள். பெண்ணாகவே வந்து களிமண் மேட்டில் ஏற நினைக்கும் மேயருக்கு இடமில்லை.

சங்கத்தார் சொல்லும் காரணம் பாரம்பரியம். இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் பின்நவீனத்துவப் பெண்ணியம் தன் சம்பளத்தைச் சம்பாதிக்கிறது. ஃபூக்கோவிடம் கற்ற வழக்கம் அது: எந்தப் பாரம்பரியத்தையும் பார்த்து உன் பிறந்த தேதி என்ன என்று கேட்பது. 720-இல் தொகுக்கப்பட்ட ‘நிஹோன் ஷோகி’ என்ற பழைய வரலாற்று நூலில் சுமோ என்ற சொல் முதலில் வரும் இடமே, அரண்மனைப் பெண்கள் மல்யுத்தம் செய்யும் காட்சிதான்.

குடும்பப் பெயருக்கும் அப்படித் தேதி கேட்கலாம். ஜப்பானியக் குடிமைச் சட்டத்தின் 750-ஆம் பிரிவுப்படி, கல்யாணம் செய்துகொள்ளும் இருவரும் ஒரே குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். யாருடைய பெயர் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் கிட்டத்தட்ட 95 சதவீதம் பேர் கணவர் பெயரைத்தான் எடுக்கிறார்கள். இனிஷியலோடு வாழும் நமக்கு இது வினோதமாகத் தோன்றலாம். கல்யாணத்துக்குப் பிறகு தந்தையின் எழுத்தைக் கழற்றிவிட்டுக் கணவர் எழுத்தை மாட்டிக்கொண்ட நம் அத்தைகளைக் கேட்டால் அவ்வளவு வினோதமாகத் தோன்றாது. 1876-இல் மேஜி அரசு, மனைவி பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டது. 1898-இல் வந்த குடிமைச் சட்டம்தான் கணவர் வீட்டுப் பெயரைக் கட்டாயமாக்கியது. ஆதிகாலப் பண்பாடு என்று பாதுகாக்கப்படுவதன் வயது, ஒசாகாவின் பழைய ரயில் பாதைகள் சிலவற்றின் வயதுதான். 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. பதினைந்து நீதிபதிகளில் ஐவர் எதிர்த்தார்கள். அமர்வில் இருந்த பெண் நீதிபதிகள் மூவருமே அந்த ஐவரில் அடக்கம். 2021-இலும் தீர்ப்பு அதுவே.

நிகழ்ச்சி முடிந்து அந்த அம்மையார் என்னைக் காபி குடிக்க அழைத்தபோது பேச்சு இதில்தான் வந்து நின்றது. அவருடைய மகள் ஓர் ஆராய்ச்சியாளர். கட்டுரைகளெல்லாம் அவர் பிறந்த வீட்டுப் பெயரில். ஒருவரோடு பல வருடமாகச் சேர்ந்து வாழ்கிறார், பதிவு செய்துகொள்ளவில்லை. பதிவு இல்லாவிட்டால் துணைவருக்குச் சட்டப்படி வாரிசுரிமை கிடையாது.

“நீங்கள் கல்யாணத்தில் பெயரை மாற்றிக்கொண்டீர்களா?” என்று கேட்டேன்.

“மாற்றிக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.” காபியைக் கலக்கிக்கொண்டே, “மகளுக்கு யோசிக்கத் தெரிகிறது, அதுதான் தொல்லை” என்று சிரித்தார். அந்தத் தொல்லையில் அவருக்குப் பெருமை இருந்ததை மொழிபெயர்ப்புச் செயலி இல்லாமலே புரிந்துகொள்ள முடிந்தது.

மேடையில் மணிக்கணக்கில் கரைந்துபோகும் பாலினம், கொசெகி என்ற குடும்பப் பதிவேட்டில் கல்வெட்டு. 2003-இல் இயற்றிய சட்டத்தின்படி, அந்தப் பதிவேட்டில் பாலினத்தை மாற்றிக்கொள்ள விரும்பும் திருநங்கையோ திருநம்பியோ கருவளத்தை இழக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருக்க வேண்டும் என்று இருந்தது. அந்த நிபந்தனை அரசியலமைப்புக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2023 அக்டோபரில். டகராசுகா நகராட்சி 2016-இலேயே ஒருபால் இணையர்களுக்குச் சான்றிதழ் தரத் தொடங்கியது. நல்ல காரியம், ஆனால் அந்தத் தாளுக்குத் திருமணப் பதிவின் சட்ட வலு இல்லை.

பட்லரே 1993-இல் எழுதிய அடுத்த நூலில் எச்சரித்திருக்கிறார்: வேடம் மாறுவதாலேயே அதிகாரம் அசைந்துவிடாது, சில வேடங்கள் பழைய ஒழுங்கை இன்னும் அழகாக்கவும் செய்யும். படிக்கும்போது பொதுவான எச்சரிக்கையாகக் கடந்துபோனேன். இருபத்தாறு படிகளைப் பார்த்த பிறகு அது டகராசுகாவுக்கென்றே எழுதியது போல இருந்தது. ஜப்பானியப் பெண்ணியர்களுக்கு இதெல்லாம் என்னை விட நன்றாகவே தெரியும். தக்கேமுரா கசுகோ 1999-இல் பட்லரை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்துவிட்டார். சமூகவியலாளர் உவேனோ சிசுகோ, 2019-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் புதுமுக மாணவர் விழாவில் வாழ்த்தோடு நிற்காமல், முந்தைய ஆண்டு அம்பலமான மருத்துவக் கல்லூரி ஊழலை எடுத்து வைத்தார். நுழைவுத் தேர்வில் பெண்களின் மதிப்பெண்ணைத் திருட்டுத்தனமாகக் குறைத்த விவகாரம் அது. மதிப்பெண் பட்டியலில் நடிப்பு எதுவும் இல்லை; பேனா பிடித்த கை இருந்தது.

2025 அக்டோபரில் தகாயிச்சி சனாயே ஜப்பானின் முதல் பெண் பிரதமரானார். தம்பதியர் தனித்தனிப் பெயர் வைத்துக்கொள்வதை நெடுங்காலமாக எதிர்ப்பவர். அவருடைய வீட்டில் நடந்ததோ வேறு: மறுபடி மணந்துகொண்டபோது கணவர்தான் தகாயிச்சி என்ற பெயரை ஏற்றார். அரசியல் மேடையின் ஒடொகொயாகு என்று அவரை அழைக்க நாக்கு துடிக்கிறது. அழைக்க மாட்டேன். ஆண் பழமைவாதி ஒருவரை வேடதாரி என்று யாரும் சொல்வதில்லையே. உலகப் பாலின இடைவெளிப் பட்டியலில் 2025-இல் 148 நாடுகளில் ஜப்பானுக்கு 118-ஆம் இடம். நமட்டுச் சிரிப்பு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன், இந்தியாவுக்கு 131.

ஒசாகா வரை போகிறவர்கள் டகராசுகாவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். டிக்கெட் வேகமாகத் தீர்ந்துவிடும், முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது. ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் நஷ்டமில்லை; நாயகனைப் பார்க்கும் நேரத்தில் பாதியை நாயகிக்குக் கொடுங்கள். பூப்பாதையின் முடிவில் தெசுகா ஒசாமுவின் அருங்காட்சியகம் இருக்கிறது. ‘ஆஸ்ட்ரோ பாய்’ வரைந்த அதே மனிதர். இந்த ஊரில் அம்மாவோடு நாடகம் பார்த்து வளர்ந்தவர். ஆண் மனமும் பெண் மனமும் சேர்ந்து பிறந்த இளவரசி சஃபையரை அவர் படைத்தது 1953-இல். பட்லரைப் படித்துவிட்டுப் போக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் குடிமைச் சட்டத்தின் 750-ஆம் பிரிவையாவது படித்துவிட்டுப் போங்கள். ஒரே வாக்கியம்தான்.